சங்கரலிங்கம் இருப்பு வைத்த கார்

என் அத்தான், அக்கா புருஷன் சங்கரலிங்கத்தை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொச்சி மட்டாஞ்சேரியில் அவரை நல்லவர் என்று சொல்ல ஆள் உண்டு. குடிக்க மாட்டார், சீட்டு ஆட மாட்டார், யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார் என்பார்கள். எல்லாம் உண்மை. ஒரு மனிதன் குடிக்காமலே ஒரு குடும்பத்தைக் குடிக்க முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து சிறுவயதில் பஜார் ரோட்டுக்கு வந்தவர். எடை போடும் இடத்தில் எடுபிடியாக நின்று, தரகராகி, பிறகு சொந்தக் கணக்கில் மிளகும் சுக்கும் வாங்கிப் போட ஆரம்பித்தார். கடை கிடையாது, போர்டு கிடையாது. காயலோரக் கிட்டங்கி ஒன்றில் பாதியை வாடகைக்குப் பிடித்து, மூட்டைகளை அடுக்கி, ஒரு பூட்டுப் போட்டிருந்தார். அவருடைய தொழிலே அந்தப் பூட்டுதான். மலையிலிருந்து சரக்கு இறங்கி விலை விழும்போது வாங்குவார். மற்ற வியாபாரிகள் வட்டிக்குப் பயந்து வந்த விலைக்குத் தள்ளுவார்கள். இவர் மட்டும் அசைய மாட்டார். ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று உட்கார்ந்திருப்பார். நன்றாகக் காய்ந்த மிளகு கெடாது. "மூட்டைக்கு வாய் கிடையாது மாப்ளே, சோறு கேக்காது" என்பார். அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பஜாரே ஒப்புக்கொண்டிருந்தது. அதுதான் வினையாகிப் போனது.

எழுபத்தைந்தில் மூணாறு பக்கத்து எஸ்டேட் துரை ஒருவர் இந்தியாவை விட்டுப் போனார். அவருடைய சாமான்களை வெல்லிங்டன் தீவில் ஒரு ஏஜெண்டின் ஷெட்டில் வைத்து ஏலம் விட்டார்கள். அத்தான் போனது இரண்டு எடைத் தராசுக்காக. திரும்பி வந்தது ஒரு காருடன்.

அந்தக் காரின் கம்பெனிப் பெயரை நான் எழுதப்போவதில்லை. வேண்டுமானால் இப்படிச் சொல்கிறேன்: இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது, கரும்பச்சை நிறம், இரண்டே இரண்டு பேர் உட்காரலாம். அதன் மூக்கு ஒரு தெருவுக்குள் வந்து சற்று நேரம் கழித்துத்தான் அதில் இருக்கிற மனிதன் வந்து சேர்வான். அந்த நாளில் இந்த நாட்டில் ஆயிரத்தில் ஒருவரிடம் கார் இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். இந்த வண்டியோ மணிக்கு நூற்றைம்பது மைல் போகுமாம். மட்டாஞ்சேரியில் மணிக்கு ஐந்து மைல் போனாலே முன்னால் ஒரு கைவண்டி நிற்கும்.

பெட்ரோல் விலை அப்போதுதான் ஏறி மூன்று ரூபாயைத் தாண்டியிருந்தது. வண்டியோ லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கொடுத்தால் அதிகம். ஏலத்துக்கு வந்தவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். யாரும் கேட்காத பொருள் என்றதும் அத்தானின் மூளை மிளகு மூளையாகி வேலை செய்தது. விலை தரையில் கிடக்கிறது, வாங்கிப் போடு, ஏறும். பதினோராயிரத்துக்கு முடித்தார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. லாரி டிரைவர் ஒருவருக்குக் கூலி கொடுத்து, தோப்பும்படிப் பாலம் வழியாகக் கொண்டுவந்து, கிட்டங்கியில் மூட்டைகளை ஒதுக்கி உள்ளே விட்டு, அதே பூட்டைப் போட்டார்.

நான் பி.காம். முடித்து எழுபத்தேழில் மட்டாஞ்சேரி வந்தேன். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவர்களே கைவிரலுக்குள் அடங்குவார்கள். பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான். அந்தப் பட்டத்துக்குக் கடைசி இரண்டு வருஷம் பணம் கட்டியது என் அக்கா வீரலட்சுமி. எங்கிருந்து கட்டினாள்? வீட்டின் முன்னறையில் சோற்றுக்கடை நடத்திக் கட்டினாள். பஜாரில் மூட்டை தூக்குகிறவர்கள், கடைகளில் வேலை பார்க்கும் தமிழ்ப் பையன்கள், மத்தியானம் முப்பது பேர் அங்கே சாப்பிடுவார்கள். மரவள்ளிக் கப்பையும் மீன்குழம்பும் சாப்பிட்டு நாக்கு மரத்துப்போனவனுக்கு ஒரு கரண்டி புளிக்குழம்பு ஊற்றினால் போதும், மறுநாள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவான். அந்த அடுப்புதான் எனக்குக் காலேஜ்.

தீவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. அக்கா வீட்டு மச்சில் படுக்கை. வந்த முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டேன், அந்த வீட்டில் இரண்டு வாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. ஒன்று முன்னறையில் இருக்கிற முப்பது பேரின் வாய். அது காசு கொடுத்தது. இன்னொன்று கிட்டங்கியில் இருந்தது. அது காசு கேட்டது.

வாரம் ஒருமுறை வண்டியைச் சூடாக்க வேண்டும். அதற்கு டிரைவர், அவனுக்குக் கூலி, சாயா, பெட்ரோல். ஓடாமலே டயர் வெடித்தது. அந்த அளவு டயர் பம்பாயில்தான் கிடைக்கும். கிட்டங்கி எலிகளுக்குச் சுக்கைவிடச் சீமை வயர் ருசியாக இருந்தது. வரி, இன்ஷூரன்ஸ் இரண்டும் தவறாமல் வந்தன. வண்டி நின்ற இடத்தில் நாற்பது மூட்டை அடுக்கலாம். அந்த இடத்துக்கும் வாடகை போனது. இதையெல்லாம்விடப் பெரிய செலவு ஒன்று உண்டு. அதை அக்காதான் கட்டினாள். தெருக்குழாயில் குடத்தை வைத்தால், "கார்க்காரி வந்தாச்சு, வழி விடுங்க" என்று ஒருத்தி ஒதுங்குவாள். அவசரத்துக்கு ஐம்பது ரூபாய் கைமாற்றுக் கேட்டால், "காரு வெச்சிருக்கறவளுக்கு நான் கொடுக்கறதா? நீயல்லோ எனக்குத் தரணும்" என்று பக்கத்து வீட்டுக் கமலாக்ஷி சிரிப்பாள். பஜாரில் அந்த வண்டிக்கு வைத்த பெயர் சங்கரலிங்கத்தின் சின்ன வீடு. அக்கா காதுபடவே சொல்வார்கள்.

நான் படித்ததை எடுத்துச் சொன்னேன்.

"அத்தான், தேய்மானம்னு ஒண்ணு இருக்கு. வண்டி ஓடினாலும் தேயும், நின்னாலும் தேயும். வருஷா வருஷம் மதிப்புல ஒரு பங்கைக் கழிக்கணும்."

"கழிக்கிறதுக்கா மாப்ளே மூணு வருஷம் காலேஜுக்குப் போனே?"

"வெளையாடாதீங்க."

"எழுபத்து மூணுல வாங்கின மிளகை எழுபத்தஞ்சுல வித்தேன். எவ்வளவு தேஞ்சுது, சொல்லு பாப்போம். மூட்டைக்கு ஒரு கிலோ காஞ்சு கொறஞ்சுது. வெலை ஒண்ணரை மடங்கு."

"மிளகு வேற, காரு வேற அத்தான்."

"வாங்குறவனுக்குத்தான் வேற. விக்கிறவனுக்கு எல்லாம் சரக்கு." இதைச் சொல்லிவிட்டு அவர் துண்டை உதறித் தோளில் போட்ட விதம் இருக்கிறதே, பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத ஒரு மனிதன் ஒரு பட்டதாரியின் வாயை அடைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வதைப் பார்க்கச் சகிக்காது.

எழுபத்தெட்டில் எர்ணாகுளத்து ஓட்டல் முதலாளி ஒருவர் வந்து இருபதாயிரம் தருகிறேன் என்றார். நல்ல விலை. போட்டதற்கு மேலே கிட்டத்தட்ட இன்னொரு மடங்கு. அக்கா அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அவர் போனதும் வெளியே வந்தாள்.

"முடிஞ்சுதா?"

"என்ன முடியுது? மூணு வருஷமா கேக்க நாதியில்லாம கெடந்த சரக்கு. இன்னிக்கு ஒருத்தன் வீடு தேடி வந்து கேக்குறான்னா என்ன அர்த்தம்? வெளியில சரக்கு இல்லேன்னு அர்த்தம். இப்ப விக்கிறவன் முட்டாள்."

மிளகுக்கு இது சரி. முதல் ஆள் தேடி வந்தால் சந்தையில் வறட்சி என்று அர்த்தம்; பிடித்து வைத்தால் விலை ஏறும். ஆனால் மிளகு வாங்க உலகமே இருக்கிறது. இந்த வண்டியை வாங்கக் கொச்சியில் ஒரே ஒரு ஓட்டல் முதலாளிதான் இருந்தார். அவர் அடுத்த மாதமே வேறு வண்டி வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பியவர்கள் ஏசி வைத்த புதுப்புதுக் கார்களைக் கப்பலில் இறக்க ஆரம்பித்தார்கள். துரை விட்டுப்போன பழைய வண்டியைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. அத்தான் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். "எறங்குது. நல்லா எறங்கட்டும். அப்பத்தான் ஏறும்."

எண்பதில் ஜூன் மாதத்து இடவப்பாதி மழையும் கடல் ஏற்றமும் சேர்ந்து காயல் தண்ணீர் கிட்டங்கிக்குள் புகுந்தது. மிளகு மூட்டைகள் உயரமான பலகைமேல் இருந்தன. அவற்றை அத்தான் இரவோடு இரவாக இன்னும் இரண்டு பலகை உயர்த்தினார். வண்டியை எந்தப் பலகையில் ஏற்றுவது? உப்புத் தண்ணீர் அதன் வயிறு வரை நின்றுவிட்டுப் போயிற்று. எஞ்சின் இறுகிப்போனது.

தோப்பும்படியில் ராசப்பன் என்று ஒரு மெக்கானிக். லாரிக்கும் படகுக்கும் வேலை பார்ப்பவன். அவன் வந்து பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினான்.

"அண்ணாச்சி, இதுக்குப் பார்ட்ஸ் சீமையிலேருந்து வரணும். வர்றதுக்குள்ள நம்ம ரெண்டு பேரும் போயிடுவோம். ஒரு காரியம் செய்வோம். நம்ம கையில ஆக்சிடெண்டான வேனோட டீசல் எஞ்சின் ஒண்ணு இருக்கு. தூக்கி வெச்சா ஓடும் கேட்டோ. டீசலுக்குப் பாதி காசு மதி, அவ்வளவு போதும்."

இருப்பு வைக்கும் செலவு பாதியாகக் குறையும் என்றதும் அத்தானின் முகம் மலர்ந்தது. அதைவிட வேறு என்ன வேண்டும் ஒரு இருப்புக்காரருக்கு? டீசல் எஞ்சின் உயரம், மூடி மூடவில்லை. ராசப்பன் அந்த நீண்ட பச்சை மூக்கில் சதுரமாக ஓட்டை வெட்டி, தகர டப்பா மாதிரி ஒன்றை மேலே பற்றவைத்தான். ஸ்டார்ட் செய்தால் நெல் மில் ஓடுகிற சத்தம். பழைய எஞ்சினை ஆக்ரிக் கடைக்காரன், பழைய இரும்பு வாங்குகிறவன், கிலோ கணக்கில் எடுத்துக்கொண்டு போனான். கிலோவுக்குக் கால் ரூபாய் கூட்டி வாங்கிவிட்டதாக அத்தான் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்.

எண்பத்தொன்று ஓணம் கழிந்ததும் எங்கள் வீட்டுக்காரர் வந்தார். குஜராத்தி, பம்பாயில் மகனோடு போய் இருக்கப்போகிறார். வீட்டை விற்கிறார்.

"வீரலட்சுமி, நீ இத்தனை வருஷம் வாடகை பாக்கி வெச்சதில்லை. அதனால உன்கிட்ட முதல்ல சொல்றேன். பதினெட்டாயிரம். தீபாவளி வரைக்கும் காத்திருப்பேன். அப்புறம் பக்கத்துக் கிட்டங்கிக்காரன் கேக்கிறான். அவன் வாங்கினா இடிச்சிடுவான்."

அவர் போன பிறகு அக்கா நெடுநேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். மட்டாஞ்சேரியில் வேறு வீடு கிடைக்காதா என்றால் கிடைக்கும், எங்கோ உள்ளே, சந்துக்குள். ஆனால் மத்தியான மணி அடித்ததும் தலைச்சுமைக்காரன் சும்மாட்டைக் கழற்றாமல் நடந்து வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிற தூரத்தில் இன்னொரு வீடு கிடைக்காது. அந்த இடம் போனால் கடை போயிற்று. கடை போனால் அவளுக்கு என்று இந்த உலகத்தில் இருந்தது ஒன்றும் மிச்சமில்லை.

"காரை வித்துடுவோம்" என்றார் அத்தான். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது.

"மிளகு இருக்குல்ல?" என்றாள் அக்கா. "இருபத்துநாலு மூட்டை."

"இந்த வெலைக்கா? கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? மிளகு அடியில கெடக்குது. அது ஏறும். காருதான் விக்கிற நேரம்."

அவர் சொல்லியனுப்பியதில் எர்ணாகுளத்திலிருந்து வெங்கிடேஸ்வரன் என்றொரு பாலக்காட்டுக்காரர் வந்து சேர்ந்தார். கோயம்புத்தூர் மில் முதலாளி ஒருவருக்குப் பழைய சீமைக் கார் சேர்க்கிற பைத்தியம். அவருக்காக ஊர் ஊராகப் பார்க்கிறவர் இவர். வண்டியின் பக்கவாட்டைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கதவைத் திறந்து மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டார். பின்னால் போனார், குனிந்தார், நிமிர்ந்தார். அத்தான் என் பக்கம் திரும்பி, 'பாத்தியா?' என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். வெங்கிடேஸ்வரன் முன்னால் வந்தார். தகர டப்பாவை விரலால் தட்டிப் பார்த்தார்.

"தொறங்கோ."

திறந்தோம்.

"எஞ்சின் எங்கே ஓய்?"

"இதான் எஞ்சின்."

"இது எஞ்சின்தான். இல்லேன்னு சொல்லலை. இந்தக் காரோட எஞ்சின் எங்கேன்னாக்கும் கேக்கறேன்."

"மாத்தியாச்சு. டீசல். இப்ப செலவு பாதி" என்றார் அத்தான், ஏதோ நல்ல சேதி சொல்கிற மாதிரி.

வெங்கிடேஸ்வரனுக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா தெரியவில்லை. "பட்டுப் புடவையைக் கிழிச்சுக் கோணிப்பை ஒட்டுப் போட்டுட்டு, இப்ப கனமா இருக்குங்கறீரே. அந்த எஞ்சினோட இருந்தா, அது ஓடலைன்னாலும் சரி, நாப்பத்தஞ்சாயிரம் முதலாளி கண்ணை மூடிண்டு குடுப்பார். எஞ்சின்ல ஒரு நம்பர் வெட்டியிருக்கும், உடம்புல ஒரு நம்பர் வெட்டியிருக்கும். ரெண்டும் ஜோடி. அதுக்குத்தான் காசு. இதுக்கு நாலாயிரம் தரேன். கதவு, சக்கரம், கண்ணாடி எடுத்துப்பேன். பாக்கி தகரம்."

நாற்பத்தைந்தாயிரம் என்று காதில் விழுந்ததற்கு அப்புறம் அத்தான் எதையும் கேட்கவில்லை. பழைய எஞ்சினைக் கொண்டுவந்தால் தருவீர்களா என்றார். கொண்டுவாரும் பார்க்கலாம் என்று அவர் போய்விட்டார். தீபாவளிக்குப் பதினைந்து நாள்கூட இல்லை.

ஆக்ரிக் கடைக்காரன் தலையைச் சொறிந்து யோசித்து, அலுமினியத்தை உருக்கக் கொடுத்தாயிற்று, இரும்புக் கட்டையை வைப்பின் தீவுக் கரையில் ஒரு படகுக்காரன் வாங்கிப் போனான் என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் என்னையும் இழுத்துக்கொண்டு போர்ட் கொச்சி ஜெட்டியிலிருந்து வைப்பினுக்குப் போனார். படகுக்காரன் எங்களைப் பார்த்து, "எஞ்சினோ? என்கிட்ட எஞ்சின் ஒண்ணும் இல்ல சேட்டா" என்றான். பிறகு ஞாபகம் வந்து, கயிற்றைப் பிடித்துத் தண்ணீரிலிருந்து எதையோ இழுத்தான்.

வந்தது எஞ்சின். அவன் அதை நங்கூரமாகக் கட்டியிருந்தான். மேலெல்லாம் சிப்பி ஒட்டியிருந்தது. ஆறு துளையிலும் சேறு. ஒரு துளையிலிருந்து நண்டு ஒன்று வெளியே வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போயிற்று.

"அண்ணாச்சியோட வாடகைக்காரன்" என்று படகுக்காரன் சிரித்தான்.

அத்தான் சிரிக்கவில்லை. சிப்பியைக் கையால் தடவிப் பார்த்தார். "கழுவினா சரியாப் போகும்" என்றார். நம்பர் இருக்க வேண்டிய இடம் உப்பில் அரித்து வழுவழுவென்று இருந்தது. நான் காட்டினேன். "தேய்ச்சா தெரியும்" என்றார். தேவைக்காரன் என்று தெரிந்துகொண்ட படகுக்காரன் வாங்கிய விலையைப்போலப் பல மடங்கு கேட்டான். மூட்டைக்கு நாலணா குறைக்கப் பாதி நாள் நின்று பேசுகிற மனிதர், மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தார். வள்ளம் பிடித்து ஏற்றினார். அன்றிலிருந்து விடிந்தால் தோப்பும்படி ஷெட்டில், மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையுமாக உட்கார்ந்துவிட்டார். ராசப்பன் கூலி வாங்கிக்கொண்டு, "கொஞ்சம் கொஞ்சம் தெரியுது அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அக்கா நாலு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும், ஆணியில் தொங்கிய கிட்டங்கிச் சாவியை எடுத்தாள். அதை ஒளித்துவைக்க வேண்டும் என்று அத்தானுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"ராமரு, வா" என்றாள், அன்று லீவு போட்டு வீட்டில் இருந்த என்னிடம்.

கிட்டங்கியைத் திறந்து, இரண்டு மூட்டையிலிருந்து பிடி பிடியாக மிளகு எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, பஜார் ரோட்டில் மிளகு வியாபாரி வெங்கிடாசலத்தின் கடைப் படியில் ஏறினாள். அவர் திருநெல்வேலிப் பக்கத்தவர், பெரிய கை. அந்தத் தெருவில் சாம்பிள் சரக்குடன் ஒரு பெண்பிள்ளை படியேறி யாரும் பார்த்ததில்லை. எடை போடுகிறவன் எடைக்கல்லைக் கையில் வைத்தபடியே நின்றான்.

வெங்கிடாசலம் நாலு மிளகை உள்ளங்கையில் உருட்டி, ஒன்றைக் கடித்து, முகர்ந்தார். "இது சங்கரலிங்கம் சரக்குல்லா? நான் ரெண்டு வருஷமாக் கேட்டு அவரு குடுக்காத சரக்கு. அவரு சொல்லித்தான் வந்தியளாம்மா?"

"இந்தச் சரக்கு வாங்கின காசுல பாதி என் சோத்துக்கடைக் காசு. அவரைக் கேக்கணும்னா தோப்பும்படி ஷெட்டுல இரும்புக்கு எண்ணெய் தேச்சுவிட்டுக்கிட்டு இருக்காரு. கேட்டுட்டு வாங்க, நிக்கிறேன்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வெங்கிடாசலம் யாரையும் அனுப்பவில்லை. பழக்க தோஷத்தில் தோளிலிருந்த துண்டை எடுத்து வலது கையின்மேல் போட்டு, அக்கா பக்கம் நீட்டினார்.

பஜார் ரோட்டில் விலை பேசுவது துண்டுக்கு அடியில்தான். வாங்குகிறவனும் விற்கிறவனும் துணிக்குள் கையைப் பிடித்துக்கொண்டு, விரலைத் தொட்டும் அழுத்தியும் விலை சொல்வார்கள். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது; பக்கத்துக் கடைக்காரனுக்கு விலை போகாது. அத்தான் அதில் கெட்டிக்காரர். இப்போது துண்டு போட்ட கை ஒன்று அக்காவின் முன்னால் நீண்டு நின்றது. கல்யாணமான பெண்ணின் கையைப் பட்டப்பகலில் துணிக்குள் பிடிக்கிற தைரியம் எந்த வியாபாரிக்கு உண்டு? வெங்கிடாசலத்துக்கு முகம் கறுத்தது. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வாயால சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் அக்கா.

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மெதுவாக, "பன்னெண்டு" என்றார்.

"காது கேக்கலை."

"கிலோ பன்னெண்டு!"

எதிர்க்கடை ஹாஜியார் எழுந்து திண்டைத் தள்ளிவிட்டு வாசலுக்கு வந்தார். "எந்தா வெங்கிடாசலம், ஸ்திரீன்னு நினைச்சு அடிச்சுப் பேசறியோ? சகோதரி, நான் பன்னெண்டரை தரேன்."

"பன்னெண்டே முக்கால்" என்றார் வெங்கிடாசலம்.

"பதிமூணு!"

"ஹாஜியாரே, இது என் படி."

"விலை தெருவில கேட்டதல்லோ. தெரு உன்னோடதா?"

பஜார் ரோட்டில் அப்படி ஒரு ஏலம் நடந்து யாருக்கும் ஞாபகமில்லை. பதிமூன்று ரூபாய் நாற்பது காசுக்கு வெங்கிடாசலமே எடுத்தார், விட்டுக்கொடுக்க மானம் இடம் கொடுக்காமல். மூட்டைகளைத் தூக்கியவர்கள் எல்லாரும் அக்கா கையால் சாப்பிட்டவர்கள். ஒரு மணி நேரத்தில் கிட்டங்கி காலியாயிற்று. பதினெட்டாயிரத்துக்கு மேலும் கொஞ்சம் தேறியது. சாயங்காலமே வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம். பத்திரம் யார் பெயருக்கு என்று கேட்டார். "எம் பேருக்கு" என்றாள்.

அத்தான் இருட்டின பிறகு மண்ணெண்ணெய் வாடையுடன் வந்தார். கிட்டங்கியைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அங்கே இப்போது கார் மட்டும் நின்றது.

"மிளகு எங்க?"

"வித்தாச்சு."

ஏன் என்று கேட்கவில்லை. யாரைக் கேட்டு என்றும் கேட்கவில்லை. "என்ன வெலைக்கு?" என்றார்.

"பதிமூணு நாப்பது."

கண்ணை மூடிக்கொண்டு ஏதோ கணக்குப் போட்டார். "துண்டுக்குள்ள பேசியிருந்தா பதினாலு வாங்கியிருப்பேன்."

"என் கையை எவன் புடிப்பான்? உக்காருங்க, சோறு ஆறுது."

அவர் கேட்ட அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. வீடு நின்றதா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் அந்தப் பாலக்காட்டு வெங்கிடேஸ்வரன் எஞ்சின் கட்டையைப் பார்க்க வந்தார். நம்பர் இருந்த இடத்தில் விரலால் தடவி, "இது மொட்டை ஓய்" என்றார். நாலாயிரம் இப்போதும் உண்டு என்றார். அத்தான் மாட்டேன் என்றார். ஒரு தடவை நாற்பத்தைந்தாயிரம் கேட்ட சரக்கை நாலாயிரத்துக்குக் கொடுக்க அவருக்குக் கிறுக்கா பிடித்திருக்கிறது?

மூட்டை இல்லாத கிட்டங்கிக்கு வாடகை கட்ட முடியாமல் அதை விட்டார். எட்டுப் பேர் தள்ளி வண்டியை அக்கா வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். எஞ்சின் கட்டையும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பழையபடி கூலித் தரகராக அவர் பஜாருக்குப் போய் வருகிறார். ஐந்து வருஷமாயிற்று. இதற்கிடையில் மிளகு விலை ஏறத்தான் செய்தது. கிலோ நாற்பதைத் தாண்டியது. அன்றைக்கு முழுக்க அவர் சோறு சாப்பிடவில்லை. "என் இருபத்துநாலு மூட்டை" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது பலித்துவிட்டதாம். சோற்றுக்கடையில் உட்கார்ந்து, அக்கா வாங்கிய கூரையின் கீழ் இருந்துகொண்டு, அக்காவைக் குற்றம் சொல்கிறார்.

"ஏறினா ஏறட்டும்" என்றாள் அவள், குழம்பை ஊற்றிக்கொண்டே. "நான் வீட்டுக்குள்ள இருக்கேன்."

தகர டப்பா துருப்பிடித்துவிட்டது. சாப்பிட இடம் காலியாகிற வரைக்கும் ஆட்கள் அந்த நீண்ட மூக்கில் சாய்ந்து பீடி குடிக்கிறார்கள். யாராவது விளையாட்டுக்கு, "அண்ணாச்சி, காரு என்ன வெலை?" என்று கேட்டால் போதும், துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். "இப்ப குடுக்கிற எண்ணம் இல்லை. இனிமேதான் ஏறும்."

முற்றத்தில் வண்டி நிற்கிற இடத்தில் நாலு பெஞ்சு போடலாம். முதல் மாதமே அக்கா சொல்லிவிட்டாள், இடம் சும்மா கிடைக்காது, மாதம் இருபது ரூபாய். அத்தான் அவளை ஏறிட்டுப் பார்த்தார். வியாபாரம் என்று வந்துவிட்டால் அவருக்கு மறுக்கத் தெரியாது. தரகுக் காசிலிருந்து ஒவ்வொரு மாதமும் எண்ணி வைக்கிறார்.

போன மாதம் இருபதை வைத்தபோது அக்கா எடுக்கவில்லை.

"முப்பது" என்றாள்.

"ஏன்?"

"இடம் வெலை ஏறிப்போச்சு."

அவர் மடியை அவிழ்த்து, இன்னும் பத்து ரூபாயை எடுத்து வைத்தார்.